மாப்பிள்ளைக்கு வைத்த பொட்டு

ஒதியம்பட்டில் வீரமணியின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு ஊரார் இன்றைக்கும், "எஞ்சினியர் வூடா? நேராப் போயி சோத்தாங்கை பக்கம் திரும்பு" என்றுதான் வழி சொல்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் வீரமணி தலையைக் குனிந்துகொள்கிறார். கரும்புக் கொல்லைகளில் மோட்டார் பழுது பார்த்துப் பிழைக்கும் ஒரு மனிதரை இன்னும் எஞ்சினியர் என்று கூப்பிடுவது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையைச் சுமக்கும் தெம்பு அவர் முதுகுக்கு இல்லை.

ஒரு காலத்தில் அவர் நிமிர்ந்து நடந்த மனிதர். தெருவில் முதன்முதலாக மெக்கானிக்கல் படித்தவர். அப்பா பலராமனுக்கு மகன் என்ன படிக்கிறான் என்று சொல்லத் தெரியாது. "மிஷின் படிக்கிறான்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வாராம். படித்து முடித்ததும் வில்லியனூரைத் தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வண்டிகளுக்கு பிரேக் டிரம் செய்யும் இடம். பராமரிப்புப் பிரிவில் அவர் சேர்ந்த அதே வாரத்தில் மணப்பட்டிலிருந்து இன்னொருவரும் சேர்ந்தார். ஆதிமூலம். பாலிடெக்னிக் முடித்தவர். கடலுக்குப் போகாமல் கரையில் வேலை தேடிய முதல் ஆள் அவர் குடும்பத்தில்.

இருவரும் ஒன்றாகவே எண்ணெய்க் கறை படிந்தார்கள். ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் பந்தி பரிமாறினார். சனிக்கிழமை தோறும் ஆதிமூலத்தின் பைக்கில் ஒரு தூக்குவாளி தொங்கும். அவர் மனைவி வனஜா பாகூர் சந்தையில் மீன் விற்கிறவள். விற்பனைக்குப் போகும் முன்பே நல்ல வஞ்சிரத் துண்டுகளை எடுத்து வீரமணியின் மனைவி கஸ்தூரி அக்காவுக்கென்று ஒதுக்கிவிடுவாள். அறுவடை முடிந்தால் வீரமணி வீட்டிலிருந்து புது அரிசி மணப்பட்டுக்குப் போகும். இந்தப் போக்குவரத்து ஒருநாளும் நிற்காது என்றுதான் இரண்டு வீடுகளும் நினைத்திருந்தன.

காலம் மாறியது. வீரமணி படித்த கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவுக்கு ஆள் சேராமல் போய், அந்த வகுப்பறைகளில் கம்ப்யூட்டரை வரிசையாக அடுக்கினார்கள். அவருடைய மகள் பிரியதர்ஷினியே அப்பா படித்த படிப்பை வேண்டாம் என்று சொல்லி கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தாள். அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. ஆனால் அவள் சொன்னது சரி என்றும் தெரிந்தது.

பிறகு தொழிற்சாலைக்குள்ளேயே அந்த மாற்றம் வந்து நின்றது. ஒரு நாள் லாரியில் பெரிய மரப்பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் ஓர் இயந்திரக் கை. ஆள் உயரத்துக்கும் மேலே. சூடான டிரம்மை மிஷினிலிருந்து எடுத்து வரிசையில் வைக்கும் வேலையை, மூச்சு வாங்காமல், தண்ணீர் கேட்காமல், அதுவே செய்யும். மாலை போட்டுத் தேங்காய் உடைத்து அதை உள்ளே கொண்டுவந்தார்கள். வந்த தோரணையைப் பார்த்துவிட்டு ஆதிமூலம் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கம் தரையோரமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. யாராவது கிட்டே போனால் அது பார்த்துவிடும்; மாப்பிள்ளை அப்படியே நின்றுவிடும். எல்லோரும் ஆளுக்கொரு முறை காலை நீட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெட்டிக்குக் கண்ணு என்று பேர்.

அதற்கடுத்த வாரமே மேலாளர் ஹரிஹரன் பராமரிப்பு ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். இனிமேல் பராமரிப்புக்கு இத்தனை பேர் தேவையில்லை என்று சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கியது. ரோபோவைக் கையாளும் பயிற்சி ஒன்று இருக்கிறது, செல்போனிலேயே பாடம் வரும், கடைசியில் ஒரு பரீட்சை, வீட்டிலிருந்தே எழுதலாம், தேறுகிறவர்கள் இருப்பார்கள், மற்றவர்களுக்கு லோடிங்கில் இடம் பார்க்கலாம் என்றார். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வேக வேகமாகப் பேசினாள். வீரமணி சாப்பிட்ட பிறகு கட்டிலில் சாய்ந்து கொஞ்சம் பார்ப்பார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். மணப்பட்டில் ஆதிமூலம் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். புரியாத இடத்தில் வனஜாவிடம் எரிந்து விழுந்தார். பரீட்சையைத் தன் கையால் எழுதினார். தேறவில்லை. இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதிலும் தேறவில்லை.

வீரமணி வீட்டில் எப்படி நடந்தது என்றால், அது ஒரு தப்பாகவே யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் கேஸ் பதிவு செய்வது பிரியா, கரண்ட் பில் கட்டுவது பிரியா, தாத்தாவின் ஆதாரைத் திருத்தியதும் பிரியா. அப்பாவின் பரீட்சையும் அந்த வரிசையில் இன்னொரு வேலையாக வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் தோசையோடு உட்கார்ந்து, ஒரு கையால் பிய்த்துத் தின்றுகொண்டே மறு கையால் விடைகளைத் தட்டினாள். கஸ்தூரி இன்னொரு தோசை வைத்தாள். வீரமணி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தோசை தீர்வதற்குள் பரீட்சை தீர்ந்தது.

"தொண்ணூத்தி ரெண்டுப்பா. நீதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் பிரியா. மூன்று பேரும் சிரித்தார்கள். கடவுளே, அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்?

சான்றிதழை லேமினேட் செய்து சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள் கஸ்தூரி. தொழிற்சாலையில் வீரமணி மாப்பிள்ளைக்குப் பொறுப்பாளர் ஆனார். ஆதிமூலம் அதே மாப்பிள்ளைக்கு எதிரே டிரம் தள்ளும் ஆளாக லோடிங்குக்கு மாற்றப்பட்டார்.

முதல் நாள் ஆதிமூலம் கையில் புதுக் கையுறையோடு வந்து நின்று, "இன்னா சார், வணக்கம். உம் மண்டையில இம்மாம் மூளை இருக்குதுன்னு இத்தினி வருஷமா சொல்லவே இல்லியேடா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வீரமணியும் சிரித்தார். அந்த ஒரு நொடியில் அவர் நண்பனின் காதோரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆதிமூலம் திட்டியிருப்பார், பிறகு சிரித்திருப்பார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நண்பனுக்குத் தன்மேல் வந்திருந்த அந்தப் புது மதிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. விழுங்கிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் மிஷின்களைக் கழுவித் துடைத்து, நெற்றியென்று தோன்றும் இடத்தில் விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைப்பது வீரமணியின் வேலை. மற்ற மிஷின்களுக்கு நெற்றி எதுவென்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு நெற்றி எது? அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கை முழுக்க அசைகிற பாகம், மணிக்கட்டில் வைத்தால் சூட்டில் கருகிவிடும் என்றார் ஒருவர். வீரமணி குனிந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். "பாக்கறது இதுதானே. அப்ப மூஞ்சியும் இதுதான்" என்றார். ஆதிமூலம் தட்டை நீட்டினார். வீரமணி மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஹரிஹரனே கைதட்டிப் படம் எடுத்துத் தொழிற்சாலை குரூப்பில் போட்டார். அத்தனை பேர் அங்கே இருந்தோமே, ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று பிறகு எல்லோரும் அழுதார்கள். அழுது என்ன ஆகப்போகிறது?

விடுமுறை முடிந்து மிஷின்களை ஓட்டினார்கள். சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிரும்வரை விட்டுவிடுவார்கள். காய்ந்து இறுகிய சந்தனத்துக்குப் பின்னாலிருந்து கண்ணுக்குப் பாதை தெரியவில்லை. அதனால் அது தன் கடமையைச் செய்தது. மாப்பிள்ளையை நிறுத்தியது. திரையில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி வந்தது. வீரமணி பொத்தானை அழுத்தித் திரும்ப ஓட்டினார். மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே வரி.

அந்த வரி அவருக்குப் படிக்க வந்தது. அது என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை. ரோபோ விற்றவர்களுக்குப் போன் செய்தார். புகாரைப் பதிவு செய்யுங்கள், வரிசைப்படி கூப்பிடுவோம் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. வெளியே லாரி நின்றது. ஹரிஹரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். நீங்கள்தானே அண்ணா தேறியவர் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பார்வை கேட்டது.

பழைய மிஷின்களில் ஒரு சென்சார் தொல்லை கொடுத்தால் பராமரிப்பு ஆட்கள் எல்லோரும் செய்யும் ஒன்றுண்டு. ஒரு துண்டு ஒயரை எடுத்து அந்தச் சென்சாரைத் தாண்டி இணைத்துவிடுவார்கள். ஜம்பர் போடுவது என்பார்கள். மிஷின் ஓடிவிடும். வீரமணி தன் வாழ்நாளில் எத்தனையோ போட்டிருக்கிறார். அன்றைக்கும் கண்ணைத் தாண்டி ஒன்று போட்டார். மாப்பிள்ளை ஓடியது. லாரிக்காரன் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான்.

எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஹரிஹரன் போனில் கூப்பிட்டார். பேசிக்கொண்டே அலுவலக வாசல் வரை போனார்.

வீரமணி ஜம்பர் போட்டது ஆதிமூலத்துக்குத் தெரியாது. ஒரு டிரம் சரிந்து வேலிக்குள்ளே உருண்டது. கிட்டே போனால் மாப்பிள்ளை நின்றுவிடும் என்பதுதான் அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் நின்றிருக்கிறது. நம்பிக் குனிந்தார். மாப்பிள்ளை நிற்கவில்லை.

அந்த அலறலை நான் எழுதப் போவதில்லை. வீரமணி ஓடிவந்து அவசரப் பொத்தானை அடித்தபோது, மிஷினின் விளிம்புக்கும் அந்த மஞ்சள் கைக்கும் நடுவே இருந்தது ஆதிமூலத்தின் வலது கை. ஆம்புலன்ஸ் போன பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வீரமணி அந்த ஒயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் வனஜா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கைய எடுக்கணும்னு சொல்றாங்கண்ணா" என்றாள். அவள் கையிலிருந்து மீன் வாசனை இன்னும் போயிருக்கவில்லை.

விசாரணைக்கு அரசு அதிகாரி வரப்போகிறார் என்றதும் ஹரிஹரன் வீரமணியைத் தனியாக அழைத்தார். கம்பெனியின் தரப்பைத் தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். மிஷின் சரியாக இருந்தது, பொறுப்பாளர் முறையாகப் பயிற்சி பெற்றவர், தொழிலாளி விதியை மீறி உள்ளே போனார். கையெழுத்து போட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, இல்லாவிட்டால் சான்றிதழ் வைத்துக்கொண்டு இப்படி நடக்க விட்டதற்கு உங்கள்மேல்தான் வழக்கு வரும், பெண்ணுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்திருக்கிற நேரம் என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் சொன்னதில் மிரட்டலைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. ஆதிமூலம் தானே போய் மாட்டிக்கொண்டார் என்றாகிவிட்டால், கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டியதுதான். கையும் போய், கவனமில்லாதவன் என்ற பேரும் மிஞ்சும். இது வீரமணிக்குப் புரிந்தது. புரிந்தே கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யாரும் விளக்கைப் போடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்த அவர் பக்கத்தில் பிரியா வந்து உட்கார்ந்தாள். என்னதான் ஆச்சு என்று கேட்டாள். பூஜை, நின்று நின்று போன மாப்பிள்ளை, திரையில் வந்த வரி என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த வரியை அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"அப்பா... அந்தக் கேள்வி வந்துச்சுப்பா."

"எந்தக் கேள்வி?"

"பரிச்சையில. இப்படி வந்தா இன்னா பண்ணணும்னு. கண்ணாடிய தொடைக்கணும், ஜம்பர் மட்டும் போடவே கூடாதுன்னு இருந்துச்சு. நான் சரியாத்தாம்பா டிக் பண்ணேன்."

ஈரத்துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் போதும். அந்த விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குள்ளே, அவருக்கு ஒரு முழம் தள்ளி, தோசைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வந்து போயிருக்கிறது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பிரியா முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். உனக்குத்தான் நல்லது செய்ததாக நினைத்தேனே என்று விம்மினாள். கஸ்தூரி உள்ளே போய், சாமிப் படங்களுக்குப் பக்கத்திலிருந்த சான்றிதழைக் கழற்றிச் சுவரின் பக்கம் முகம் திருப்பி வைத்தாள். வீரமணிக்கு அழுகை வரவில்லை. சட்டைப்பையில் கை விட்டார். அந்தத் துண்டு ஒயர் அங்கேயே இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தபோது, ஹரிஹரனும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்க, வீரமணி அந்த ஒயரை மேசைமேல் வைத்தார். தான் போட்ட கையெழுத்து பொய் என்றார். ஜம்பர் போட்டது, கண்ணாடியில் சந்தனம் வைத்தது, ஆதிமூலத்திடம் சொல்லாமல் விட்டது எல்லாம் தானே என்று வரிசையாகச் சொன்னார். பயிற்சி பெற்றவர் என்று இருக்கிறதே என்று அதிகாரி சான்றிதழின் நகலைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பரிச்சைய நான் எழுதல சார். எனக்கு அந்த மிஷினப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"பின்ன யாரு எழுதினது?"

"அது மட்டும் கேக்காதீங்க சார். தெரியாதவங்கிட்ட மிஷினைக் குடுத்தாங்க. அதை எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். எதிரே எழுதத் தெரிந்த மகள் இருக்கும் தகப்பன் ஒருவன் நிற்கிறான் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கியதாக வீரமணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கும் வந்தது, இன்னும் நடக்கிறது. வாய்தா வாய்தாவாகப் புதுச்சேரிக்குப் போய் வருகிறார். கம்பெனி ஆதிமூலத்தின் மேல் பழி போட முடியாமல் போய், சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது. ஹரிஹரனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பராமரிப்புப் பிரிவையே மூடி அந்த வேலையை ஒரு கான்ட்ராக்ட்காரரிடம் விட்டார்கள். இப்போது மாப்பிள்ளையை எங்கிருந்தோ ஒருவர் திரையில் பார்த்துக்கொள்கிறாராம். பரீட்சை இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. எழுதுகிறவரின் முகத்தை மட்டும் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. பிரியாவைத் தேர்ந்தெடுத்த நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஆட்களைக் குறைக்கிறோம், காத்திருங்கள் என்று மெயில் வருகிறது. அவள் காத்திருக்கிறாள். யாருக்கும் எந்தப் படிவமும் நிரப்பித் தருவதில்லை.

சனிக்கிழமைத் தூக்கு நின்றுபோனது. அறுவடை முடிந்து புது அரிசி வந்தபோது கஸ்தூரி ஒரு பையில் கட்டி வைத்தாள். யார் கொண்டுபோவது என்று தெரியாமல் அது கூடத்தில் கிடந்தது. ஒரு நாள் வனஜாவிடமிருந்து போன் வந்தது. அவரு உங்கள வரச் சொல்றாரு என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வெயில் தாழாத மதியத்தில் வீரமணி அரிசிப் பையோடு மணப்பட்டுக்குப் போனார். வனஜா கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்று சொல்லாமல் உள்ளே போனாள். பின்பக்கம் தென்னை நிழலில் ஆதிமூலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. கடல் சத்தம் கேட்டது. வீரமணி மணலிலேயே உட்கார்ந்தார்.

"மன்னிச்சிரு" என்று கேட்கத்தான் வந்தார். அந்தச் சொல்லைத் தூக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்டா" என்றார் ஆதிமூலம். "அந்தப் பரிச்சைய நீயே எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பியா?"

"மாட்டேன்."

"நெசமா?"

"நெசமா. உன்ன விடக் கம்மியா வாங்கியிருப்பேன்."

ஆதிமூலம் தலையை ஆட்டிக்கொண்டார். ரொம்ப நாளாகத் தெரியாமலிருந்த ஒன்று தெரிந்துவிட்டது போல. இடது கையால் கண்ணைத் துடைத்தார். பழக்கமில்லாத கை, கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"நான் மட்டும் மக்குன்னு நெனச்சினு இருந்தேன்டா. டெய்லி அங்க நின்னு டிரம்மு தள்ளும்போது உன்னப் பாப்பேன். அவனுக்கு வந்துச்சே, எனக்கு வரலியேன்னு." மடித்த சட்டைக்கையை இடது கையால் தொட்டுக்கொண்டார். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஃபெயில் ஆயிருக்கலாம். ஒண்ணா மூட்டை தூக்கியிருக்கலாம். என் கை இருந்திருக்கும். நீயும் இருந்திருப்பே."

நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்ல வீரமணி வாயெடுத்தார். ஆதிமூலம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கெளம்புடா. வனஜா வந்தா அழுவா."

வீரமணி எழுந்து, அரிசிப் பையை நாற்காலியின் இடது பக்கமாக, கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். பஸ் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கத் துணிந்தார். பின்னாலேயே வந்திருந்த வனஜா, அந்தப் பையை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்துபோனாள்.